தானம் வந்த பிளேட்லெட்ல ஆறாத புண்ணுக்கு பிஆர்பி: அடிக்கடி கேக்கற கேள்விகள்

வார்டுல இருந்து சீட்டு எடுத்துட்டு ரத்த வங்கி கவுன்டருக்கு வர்றவங்க கேக்கற கேள்விகளைத்தான் இங்க எழுதியிருக்கேன். "அப்பாவுக்கு டெங்கு எல்லாம் இல்லைங்க, கால்ல சக்கரை புண்ணுதான், அதுக்கு எதுக்கு பிளேட்லெட் பை?"ன்னு குழம்பி நிக்கறாங்க, டாக்டர் ரவுண்ட்ஸ்ல அவசரமா சொல்லிட்டு போனது பாதி புரிஞ்சும் புரியாமலும் இருக்கும். நான் ரத்தத்தை பிரிக்கற வேலை பாக்கற டெக்னீஷியன், டாக்டர் இல்ல, அதனால உங்க புண்ணுக்கு இது போடலாமா வேண்டாமான்னு முடிவு சொல்ல மாட்டேன். ஆனா அந்த பைக்குள்ள என்ன இருக்கு, எங்க இருந்து வருது, எதை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சதை சொல்றேன்.

பிஆர்பின்னா என்ன? அதுக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா, அதாவது பிளேட்லெட் செறிவா இருக்கற பிளாஸ்மா. ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜ்ல போட்டு சுத்தினா சிவப்பணு கனமா இருக்கறதால அடியில போய் உக்காரும், மேல வைக்கோல் நிறத்துல பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதி நிக்கும், பிளேட்லெட் எடை கம்மிங்கறதால அந்த மேல் பகுதியிலயே நிறைய தங்கும், அதை தனியா எடுத்து இன்னொரு தடவை சுத்தி செறிவு ஏத்துவோம். சாதாரணமா ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல ஒன்றரை லட்சத்துல இருந்து 4 லட்சம் பிளேட்லெட் இருக்கும், பிஆர்பின்னு சொல்லணும்னா 10 லட்சம் பக்கமாவது இருக்கணும்னு பல பேர் கணக்கு வச்சிருக்காங்க.

ரத்தத்தை உறைய வைக்கறது மட்டும்தான் பிளேட்லெட்டோட வேலைன்னு நினைச்சுடாதீங்க. அதுக்குள்ள குட்டி குட்டி பைகள் இருக்கு, அதுல பிடிஜிஎஃப், டிஜிஎஃப் பீட்டா, விஇஜிஎஃப் மாதிரி வளர்ச்சி காரணிகள் அடைச்சு வச்சிருக்கும். அடிபட்ட இடத்துக்கு வந்ததும் பிளேட்லெட் இதை எல்லாம் கொட்டும், உடனே புது ரத்தக்குழாய் முளைக்க, சதை செல் வந்து சேர, தோல் ஓரத்துல இருந்து மூட அந்த இடத்துக்கு சிக்னல் போகும். பல மாசமா ஆறாம கிடக்கற புண்ணுல இந்த சிக்னல் மங்கிப்போயிருக்கும், வெளிய இருந்து அதை திரும்ப குடுத்து பாக்கலாம்ங்கறதுதான் யோசனை. இது புதுசா வந்த ஃபேஷன் இல்ல, அமெரிக்காவுல மின்னசோட்டா பக்கம் டேவிட் நைட்டன்ங்கற சர்ஜன் நோயாளியோட சொந்த பிளேட்லெட்ல இருந்து எடுத்த சாறை ஆறாத புண்ணுக்கு போட்டு 1986லயே எழுதியிருக்கார்.

எத்தனை நாள் ஆறலைன்னா ஆறாத புண்ணு?

ஒழுங்கா சிகிச்சை எடுத்தும் ஒரு மாசத்துக்கு மேல இழுத்தா யோசிக்கணும். சக்கரை புண்ணுக்கு டாக்டர்கள் பாக்கற கணக்கு ஒண்ணு இருக்கு, நல்ல சிகிச்சை ஆரம்பிச்சு 4 வாரத்துல புண்ணோட பரப்பு பாதியா குறையலைன்னா அது தானா மூடற வாய்ப்பு கம்மி, அப்பதான் பிஆர்பி மாதிரி அடுத்த கட்ட விஷயத்தை பேசுவாங்க. வெரிகோஸ் புண்ணு, படுக்கைப் புண்ணு, தொழுநோயால உணர்ச்சி போன பாதத்துல வர்ற குழிப்புண்ணு, எல்லாம் இந்த லிஸ்ட்ல வரும்.

அவரோட சொந்த ரத்தத்துலயே எடுக்கலாமே, எதுக்கு அடுத்தவங்க ரத்தம்?

நியாயமான கேள்வி. சொந்த ரத்தத்துல எடுக்க முடியும்னா அதுதான் முதல் சாய்ஸ், அதுல சந்தேகமே வேண்டாம். தொற்று பயம் இல்ல, குரூப் பிரச்சனை இல்ல.

ஆனா இந்த சீட்டோட வர்ற குடும்பங்களை பாத்தீங்கன்னா நோயாளிக்கு அறுபது எழுபது வயசு இருக்கும், ஹீமோகுளோபின் 7 8லயே நிக்கும், கிட்னி பாதி போயிருக்கும், சில பேர் வாரத்துல ரெண்டு மூணு நாள் டயாலிசிஸ்ல இருப்பாங்க, ஊசி குத்த நரம்பே கிடைக்காது. புண்ணு பெருசா இருந்தா ஒவ்வொரு தடவையும் நிறைய ரத்தம் எடுக்கணும், அதுவும் வாரா வாரம். ஏற்கனவே ரத்தம் கம்மியா இருக்கறவர்கிட்ட இருந்து எடுத்து அவர் காலுக்கே போடறது எந்த ஊர் நியாயம். சில பேருக்கு பிளேட்லெட் எண்ணிக்கையே குறைஞ்சிருக்கும், இன்னும் சில பேர் ஹார்ட்டுக்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுவாங்க, அவங்க பிளேட்லெட் சுறுசுறுப்பா இருக்காது, அதுக்காக அந்த மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது.

இப்படி பட்டவங்களுக்குத்தான் டோனர் பிளேட்லெட். 18 வயசுக்கு மேல, ஹீமோகுளோபின் 12.5க்கு மேல இருக்கற ஆரோக்கியமான ஆள் குடுத்த ரத்தத்துல இருந்து பிரிச்சது, தரமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பையில சுமாரா 50ல இருந்து 70 மில்லி வரும், சின்ன புண்ணுக்கு அது தாராளம்.

நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல காசு புடுங்கறாங்களா?

இதை நேர்மையா சொல்லணும், ஏன்னா ரெண்டு பக்கமும் மிகைப்படுத்தி பேசறாங்க.

மருத்துவ சோதனைகளை திரட்டி எடை போட்டு பாக்கற காக்ரேன்ங்கற அமைப்போட 2016 ஆய்வு தொகுப்பு, சொந்த ரத்த பிஆர்பியை ஆறாத புண்ணுக்கு போட்ட 10 சோதனைகளை, மொத்தம் 442 பேரை சேர்த்து பாத்துச்சு. பொதுவா எல்லா புண்ணுக்கும் உதவுதான்னு தெளிவா சொல்ல முடியல, சக்கரை பாதப் புண்ணுக்கு உதவலாம், ஆனா அந்த ஆதாரமும் பலம் கம்மின்னு முடிச்சாங்க. 2018ல பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் மூணு நாட்டுலயும் சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடந்துச்சு, நோயாளியோட ரத்தத்தை சுத்தி அதுல கிடைக்கற வெள்ளணு, பிளேட்லெட், ஃபைப்ரின் மூணும் சேர்ந்த ஒட்டு மாதிரி ஒரு தகடை புண்ணு மேல வச்சாங்க. 20 வாரத்துல அந்த குரூப்ல 34 சதவீதம் பேருக்கு ஆறுச்சு, சாதாரண சிகிச்சை மட்டும் எடுத்தவங்கள்ல 22 சதவீதம். வித்தியாசம் இருக்கு, ஆனா தகடு வச்சும் மூணுல ரெண்டு பேருக்கு அந்த டைம்ல ஆறலைங்கறதையும் சேர்த்து படிங்க.

டோனர் பிளேட்லெட்டை பொறுத்தவரை, 2010ல தென் கொரியாவுல ரத்த வங்கி பிளேட்லெட்டை நேரா சக்கரை புண்ணுல போட்டு பாத்தாங்க, நூறு பேர் அளவுல. போட்டவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் பக்கம் முழுசா ஆறுச்சு, போடாதவங்கள்ல பாதிக்கும் கொஞ்சம் கம்மி. இத்தாலியில வயசான, எழுந்து நடமாட முடியாதவங்களோட புண்ணுக்கு டோனர் பிளேட்லெட் ஜெல் பல வருஷமா போடறாங்க, 2015ல அரசாணையே போட்டு சொந்த ரத்தம், டோனர் ரத்தம் ரெண்டுக்கும் விதி வகுத்துட்டாங்க.

மறுபக்கம், சக்கரை பாதத்துக்கான சர்வதேச வல்லுநர் குழு 2023 வழிகாட்டுதல்ல, ரத்த வங்கி பிளேட்லெட்டையும் சேர்த்துத்தான், பிளேட்லெட் சிகிச்சையை வழக்கமா போட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, நான் மேல சொன்ன அந்த மூணும் சேர்ந்த தகடை மட்டும் மத்தது பலிக்காதப்ப யோசிக்கலாம்னு விட்டிருக்காங்க. ஆதாரம் இன்னும் போதலைங்கறது அவங்க வாதம். ஆக "கேரண்டியா ஆறிடும்"னு யாராவது பேக்கேஜ் பேசினா அங்க இருந்து எழுந்து வந்துடுங்க. எல்லாம் ஒழுங்கா செஞ்சும் நகராத புண்ணுக்கு, வேற வழி கம்மியா இருக்கற ஆளுக்கு, முயற்சி பண்ணி பாக்கற ஒரு துணை சிகிச்சை, என் கண்ணுக்கு இது அவ்வளவுதான்.

இதை போட்டுட்டா நடக்கலாமா? வேலைக்கு போகலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த பக்கத்தை எழுதினேன்னு வச்சுக்கோங்க.

உள்ளங்கால்ல இருக்கற சக்கரை புண்ணு ஆறாததுக்கு பெரும்பாலும் காரணம் மருந்து குறையறது இல்ல, அந்த இடத்து மேலயே திரும்ப திரும்ப ஊணி நடக்கறதுதான். நமக்கு கால்ல முள்ளு குத்தினா நொண்டுவோம், அந்த நொண்டல்தான் புண்ணை காப்பாத்துது. சக்கரையால நரம்பு செத்துப்போனவருக்கு வலியே தெரியாது, புண்ணோடயே கடைக்கு போவார், பஸ் ஏறுவார், கோயில் சுத்துவார்.

இதை உலகத்துக்கு சொல்லிக்குடுத்தது நம்ம வேலூர். 1946ல அங்க சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளோட காலையும் கையையும் பாத்துட்டு, சதை தானா அழுகி விழல, உணர்ச்சி இல்லாத இடத்துல தெரியாம அழுத்தம் விழுந்து விழுந்துதான் புண்ணாகுதுன்னு கண்டுபிடிச்சார். பாதத்தை சுத்தி மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தை பரப்பி விட்டா வருஷக்கணக்கா ஆறாத குழிப்புண்ணு கூட மூடுச்சு. 1960கள்ல அவர் அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு போனப்ப அந்த முறையும் கூடவே போச்சு, இன்னைக்கு உள்ளங்கால் சக்கரை புண்ணுக்கு உலகம் முழுக்க அந்த கட்டைத்தான் முதல் தரமா வச்சிருக்காங்க. பஞ்சு மாதிரி அமுங்கற எம்சிஆர் செருப்பும் அந்த தொழுநோய் மருத்துவத்துல இருந்து நம்ம ஊர் முழுக்க பரவினதுதான்.

மாவுக்கட்டோ, கழட்ட முடியாத பூட்ஸோ, குறைஞ்சபட்சம் புண்ணு இருக்கற இடத்துல பள்ளம் விட்டு தைச்ச செருப்போ இல்லாம வெறும் பிஆர்பி போடறது, தண்ணி கசியற சுவத்துக்கு வெள்ளை அடிக்கற மாதிரி. ஒரு மனுஷன் தானமா குடுத்த ரத்தம் அது, அதை இப்படி வீணாக்கறதை பாக்க எனக்கு மனசு தாங்காது.

டோனர் ரத்தத்துல இருந்து எயிட்ஸ், மஞ்சக்காமாலை வந்துடாதா?

லைசென்ஸ் இருக்கற ரத்த வங்கியில ஒவ்வொரு பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா இந்த 5க்கும் சோதிக்காம வெளிய விடக்கூடாது, சட்டம். காசுக்கு ரத்தம் விக்கறதும் உச்ச நீதிமன்ற தீர்ப்புக்கு அப்புறம் 1998ல இருந்து தடை. இதனால ஆபத்து ரொம்ப குறைஞ்சிருக்கு, ஆனா பூஜ்யம் ஆகல. புதுசா தொற்று வந்த ஆளுக்கு சோதனையில தெரியறதுக்கு கொஞ்ச நாள் ஆகும், அந்த இடைவெளியில குடுத்தா தப்பிக்கலாம், கிருமியோட மரபணுவையே நேரா தேடற நாட் டெஸ்ட் பண்ற வங்கியில அந்த இடைவெளி இன்னும் சுருங்கும், அதனால "நாட் பண்ணினதா?"ன்னு தைரியமா கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம் பாக்டீரியா. சிவப்பணுவை ஃபிரிட்ஜ்ல வைப்போம், பிளேட்லெட்டை 20ல இருந்து 24 டிகிரியில, ஆடிக்கிட்டே இருக்கற மெஷின்ல வச்சுத்தான் 5 நாள் வரைக்கும் பாதுகாக்கறோம், அந்த சூடு கிருமிக்கும் வசதி. அதனால பையை வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல தூக்கி புடிச்சு மெதுவா திருப்பி பாப்போம், உயிரோட இருக்கற பிளேட்லெட் உள்ள புகை சுழல்ற மாதிரி மினுங்கிக்கிட்டு சுத்தும். அந்த சுழல் இல்லாம மந்தமா கிடந்தாலோ, கட்டி கட்டியா தெரிஞ்சாலோ, நிறம் மாறியிருந்தாலோ குடுக்க மாட்டோம்.

குரூப் மேட்ச் ஆகணுமா?

பிளேட்லெட் மேலயும் ஏபிஓ குரூப்போட அடையாளம் இருக்கு, அதனால அதே குரூப் கிடைச்சா அதையே எடுக்கறதுதான் நல்ல பழக்கம். புண்ணு மேல போடறது ரத்தக்குழாய்க்குள்ள ஏத்தறது மாதிரி இல்ல, உள்ள போற அளவு ரொம்ப கம்மி, இருந்தாலும் கவனிக்க வேண்டிய ரெண்டு பேர் இருக்காங்க.

ஒண்ணு, ஆர்ஹெச் நெகட்டிவா இருக்கற, இனிமே குழந்தை பெத்துக்க போற பெண்கள். பிளேட்லெட் பையில கொஞ்சூண்டு சிவப்பணு ஒட்டிக்கிட்டு வரும், அவங்களுக்கு நெகட்டிவ் டோனர்தான் வேணும். ரெண்டாவது, கிட்னி மாற்று அறுவை சிகிச்சைக்கு காத்திருக்கறவங்க. பிளேட்லெட்லயும் கூட வர்ற வெள்ளணுலயும் ஹெச்எல்ஏங்கற அடையாளம் இருக்கு, அதுக்கு எதிரா உடம்புல ஆன்டிபாடி உருவாயிட்டா நாளைக்கு பொருந்தற கிட்னி கிடைக்கறது கஷ்டம். சக்கரை புண்ணு இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு கிட்னியும் கெட்டிருக்கும்ங்கறதால இதை லேசா எடுத்துக்காதீங்க, புண்ணு பாக்கற டாக்டர்கிட்ட லிஸ்ட்ல பேர் குடுத்திருக்கோம்னு முதல்லயே சொல்லிடுங்க. வெள்ளணுவை வடிகட்டின பை கிடைக்குமான்னும் கேக்கலாம்.

பையன் நான் இருக்கேன், என் ரத்தத்தையே எடுத்துக்கோங்க, வெளி ஆள் எதுக்கு?

பாசம் புரியுது, ஆனா ரெண்டு காரணத்துக்காக அவசரப்பட வேண்டாம். சொந்தக்காரர் ரத்தம்னா சுத்தமா இருக்கும்னு எந்த விதியும் இல்ல, உங்களுக்கும் அதே 5 சோதனை, அதே கேள்வித்தாள். எங்கயாவது கிளினிக்ல உங்க கையில எடுத்து அங்கயே சுத்தி அப்பா கால்ல போட்டா அது சோதிக்காத ரத்தம்.

ரெண்டாவது காரணம் பெருசு. நாளைக்கு அப்பாவுக்கு கிட்னி குடுக்க நீங்களே முன்வரலாம். இப்ப உங்க பிளேட்லெட்டால அவர் உடம்பு உங்களுக்கு எதிராவே ஆன்டிபாடி செஞ்சு வச்சிட்டா அந்த கதவு மூடிடும். நீங்க ரத்தம் குடுங்க, யாருக்காவது போகட்டும், அவருக்கு வேற ஆளோடது வரட்டும்.

எப்படி போடுவாங்க? வலிக்குமா?

முதல்ல புண்ணை சலைன்ல கழுவி, வெள்ளையா மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருக்கற செத்த சதையை, ஓரத்துல தடிச்சுப்போன தோலை வெட்டி எடுப்பாங்க. நரம்பு நல்லா இருக்கறவங்களுக்கு வலி இங்கதான், மரத்துப்போக ஊசி கேளுங்க. அப்புறம் பிஆர்பில கால்சியம் சேர்ப்பாங்க, சில நிமிஷத்துல அது ஜெல்லி மாதிரி உறையும், அதை குழிக்குள்ள நிரப்பி, ஒட்டாத பாராஃபின் காஸ் வச்சு மூடி கட்டு. சில டாக்டர்கள் புண்ணு ஓரத்துல ஊசியாவும் போடுவாங்க. உறைய வைக்க மாட்டு த்ராம்பின் பழைய காலத்துல சேர்த்தாங்க, அதுக்கு எதிரா உடம்பு கிளம்பி ரத்தம் உறையறதே பாதிச்ச சம்பவங்கள் உண்டு, கால்சியம் போதும்.

போட்ட கட்டு, அதை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பிரிக்காதீங்க. வீட்டுல நாத்தம் வருதேன்னு பிரிச்சு ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின் ஊத்தினா போட்ட செல்லும் போச்சு முளைச்ச சதையும் போச்சு. நாத்தம் அதிகமா இருந்தாலோ, காய்ச்சல், சிவந்து மேல ஏறற வீக்கம் இருந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

எத்தனை தடவை போடணும்?

பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணு, சில இடத்துல ரெண்டு. ஒவ்வொரு தடவையும் பக்கத்துல ஸ்கேல் வச்சு ஃபோட்டோ எடுத்து நீளம் அகலம் எழுதி வைக்க சொல்லுங்க, இல்லைன்னா நீங்களே எடுங்க. நாலு வாரம் போட்டும் அளவு அசையலைன்னா நிறுத்திட்டு ஏன்னு தேடணும், ரத்த ஓட்டமா, எலும்புல கிருமியா, நடக்கறாரா. அமெரிக்க அரசு காப்பீடான மெடிகேர் 2021ல இருந்து சக்கரை புண்ணுக்கு சொந்த ரத்த பிஆர்பிக்கு நாடு முழுக்க உறுதியா பணம் குடுக்கறது 20 வாரம் வரைக்கும்தான், அப்ப முடிவே இல்லாம போட்டுக்கிட்டே இருக்கற சிகிச்சை இல்ல இது.

யாருக்கு போடக்கூடாது?

சீழ் புடிச்ச, கறுத்து அழுகின புண்ணுக்கு முதல்ல கிருமியை அடக்கணும். கம்பி விட்டு பாத்தா எலும்பு தட்டுதுன்னா எலும்புக்குள்ள தொற்று இருக்கலாம், எக்ஸ்ரே இல்ல எம்ஆர்ஐ வேணும். காலுக்கு ரத்தமே போகலைன்னா மேல என்ன போட்டாலும் வேலைக்காகாது, ரத்த ஓட்டத்தை காட்டற டாப்ளர் ஸ்கேன் பாத்து அடைப்பு இருந்தா அதை திறக்கணும், சக்கரை நோயாளிக்கு குழாய் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தா கணுக்கால் ரத்த அழுத்தம் பொய்யா நல்லா காட்டும், அப்ப கால் விரல்ல அளக்கணும். வருஷக்கணக்கா இருக்கற, ஓரம் தடிச்சு பூவாட்டம் வளர்ற புண்ணுல கேன்சர் இருக்கலாம், சின்ன சதைத்துண்டு எடுத்து பயாப்சி பாக்காம வளர்ச்சி காரணியை கொட்டக்கூடாது.

டேட் முடிஞ்ச பிளேட்லெட்டை இதுக்கு யூஸ் பண்ணலாம்னு சொல்றாங்களே?

எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது. டெங்கு சீசன்ல ஒரு பை கிடைக்காம ஜனங்க அலையறாங்க, சீசன் முடிஞ்சா அதே பை 5 நாள்ல டேட் முடிஞ்சு குப்பைக்கு போகுது. நோயாளிக்கு ஏத்தத்தான் உயிருள்ள பிளேட்லெட் வேணும், வளர்ச்சி காரணி மட்டும் போதும்னா உறைய வச்சு உருக்கி பிளேட்லெட்டை உடைச்சு அந்த சாறை எடுக்கலாம், சின்ன சின்ன பங்கா பிரிச்சு ஃபிரீசர்ல வைக்கலாம். டேட் முடிஞ்ச பைகள்லயும் இப்படி எடுக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. இத்தாலியில மிலானை மையமா வச்சு, மாற்று சிகிச்சைக்கு செல் எண்ணிக்கை போதாத தொப்புள்கொடி ரத்தத்துல இருந்தும் பிளேட்லெட் ஜெல் செஞ்சிருக்காங்க. ஆனா அது எல்லாம் சோதனை, பதிவு, அனுமதியோட நடக்கற வேலை, டேட் முடிஞ்ச பையை யாராவது கைமாத்தா குடுத்தா வாங்காதீங்க.

முடிக்கு பிஆர்பி போடற கிளினிக்லயே இதையும் பண்ணிக்கலாமா?

வேண்டாம். சொந்த ரத்தத்துலயே அசிங்கமா செஞ்சா என்ன ஆகும்னு தெரியணுமா, அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல ஒரு ஸ்பாவுல முகத்துக்கு பிஆர்பி ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு எச்ஐவி வந்தது 2018ல தெரிய வந்துச்சு, ஒரு தடவை மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருளை திரும்ப திரும்ப பயன்படுத்தியிருந்தாங்க.

டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்?

ரத்த ஓட்டம் பாத்தாச்சா, எலும்பு பாத்தாச்சா, காலுக்கு அழுத்தம் விழாம என்ன குடுக்கப்போறீங்க, சொந்த ரத்தத்துல ஏன் முடியாது, பை எந்த ரத்த வங்கியோடது, அதோட நம்பர் கேஸ் ஷீட்ல எழுதுவீங்களா, இது வழக்கமான சிகிச்சையா இல்ல ஆராய்ச்சியா, ஆராய்ச்சின்னா ஒப்புதல் படிவம் தமிழ்ல குடுங்க, எந்த வாரத்துல பலன் இல்லைன்னு நிறுத்துவீங்க. சீட்டுல எழுதி எடுத்துட்டு போங்க, உள்ள போனா மறந்துடும். பையை வாங்க வரும்போது நோயாளியோட ரத்த மாதிரியும், டாக்டர் கையெழுத்து போட்ட படிவமும் எடுத்துட்டு வாங்க, புண்ணுக்குத்தான்னு அதுல எழுதியிருக்கணும், அப்பதான் எத்தனை மில்லி வேணும்னு பாத்து நாங்க சரியா பிரிச்சு குடுக்க முடியும். வாங்கினதும் ஐஸ் பெட்டியில வைக்காதீங்க, நேரா வார்டுக்கு கொண்டு போங்க.